காலி

புணேயில் தேர்வு அறைக்கு வெளியே பெஞ்சில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். அதில் ஏழு பேருக்குப் பால்பல்லே இன்னும் முழுசாக விழவில்லை. "உங்க குழந்தைக்கு எத்தனையாவது நம்பர்?" என்று ஓர் அம்மா மராத்தியில் கேட்டார். ஏழு என்றேன். அது என் நம்பர்.

47 வயதில் இந்துஸ்தானி வாய்ப்பாட்டு செய்முறைத் தேர்வு. சின்ன வயதில் நாலு வருஷம் படித்த கர்நாடக சங்கீதம் கொடுத்த தைரியம். இந்துஸ்தானி இசை அறிஞர் பாத்கண்டே 1904இல் தெற்கே வந்து எட்டயபுரம் வரை போய்ப் பார்த்தவர். நம் 72 மேளத்தைப் பார்த்த பிறகுதான் இந்துஸ்தானி ராகங்களைப் 10 தாட்டாக வகுத்தார். எழுபத்திரண்டு பார்த்த ஊர்க்காரன் பத்துக்குப் பயப்படுவானா என்று வீட்டில் சொல்லியிருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

முதலில் பூப் ராகம். நம்ம மோகனம்தானே! ரிஷபத்தில் போய் நின்றதும் குரல் தானாக ஆடியது. அந்த ஆட்டத்தை எந்தக் கட்டையில் தேடுவது என்று தெரியாமல் ஹார்மோனியக்காரர் கையை எடுத்துவிட்டார்.

அடுத்து தீன்தால். 16 மாத்திரை, நாலு நாலாக நாலு பாகம். மூன்றாவது பாகம் காலி. ஒன்பதாவது மாத்திரையில் தட்டாமல் கையை வீச வேண்டும். தபலாவின் இடக்கைக் கும்காரமும் அந்தப் பாகத்தில் அடங்கிவிடும். சொல்லிலும் அது கேட்க வேண்டும்: கனத்த 'தா', 'தின்' போய், மெலிந்த 'தா', 'தின்' வரும். இதை இப்படி எழுதினால் ஏதாவது புரிகிறதா? எனக்கும் புரியவில்லை. ஏனென்றால் நோட்டில் தமிழில்தான் எழுதி வைத்திருந்தேன். தா தின் தின் தா, நாலு தடவை. பரவாயில்லையே, ஒரு வரி படித்தால் நாலும் வந்துவிடுகிறதே என்று சந்தோஷம் வேறு. வகுப்பில் எல்லோரும் சேர்ந்து சொல்வதால் குட்டு வெளிப்படவே இல்லை.

"காலி எங்கே?" என்றார் தேர்வாளர் அம்மா.

கையை வீசிக் காட்டினேன்.

"கை போச்சு. வாய் போகலையே?"

துகுன் கேட்டார். இரட்டை வேகத்தில் கையும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஐந்தில் தட்டியது, ஆறில் வீசியது, ஏழில் மறுபடி தட்டியது. சாட்சாத் ஆதி தாளம். தபலாக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த அம்மா என் மடியிலிருந்த நோட்டை வாங்கிப் பார்த்தார். தமிழ் தெரியாதவருக்கும் நாலு வரியும் ஒன்று என்று தெரிந்துவிட்டது. "இதில் காலி எது?" மூன்றாவதைத் தொட்டேன்.

"முதல் வரிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"இது கீழே இருக்கு" என்றேன்.

அன்று ராத்திரி, பாத்கண்டே முறைப்படி மூன்றாவது வரியின் அடியில் காலிக்கு உரிய பூஜ்யத்தைப் பெரிதாகப் போட்டேன். காபி கொண்டுவந்த மகள் எட்டிப் பார்த்தாள்.

"அதுக்குள்ள மார்க் சொல்லிட்டாங்களாப்பா?"