குப்பர்ட்டினோ சமூகத்துக்கு ஒரு நன்றி மனு

பெறுநர்: இயங்குதளப் பிரிவு, ஆப்பிள் நிறுவனம், குப்பர்ட்டினோ, கலிஃபோர்னியா.
பொருள்: ஆண்டுதோறும் அப்டேட் அருளி வருவதற்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.
பார்வை: ஜூன் மாதந்தோறும் தாங்கள் மேடையில் வெளியிடும் அறிவிப்புகள்.

மாட்சிமை பொருந்திய ஐயா, அம்மையீர்,

மொஹாவி பாலைவனம், கேட்டலினா தீவு, பிக் சர் கடற்கரை, டாஹோ ஏரி என்று மேக் இயங்குதளப் பதிப்புகளுக்குப் பெயர்வைத்து, கலிஃபோர்னியாவின் புவியியலை ஆண்டுக்கொரு பாடமாக உலகத்துக்கே நடத்திவருகிறீர்கள். ஜூனில் பெயர்சூட்டு விழா, செப்டம்பர் தொடங்கி நவம்பருக்குள் பிரசவம். இடைப்பட்ட மாதங்களில் என்ன நடக்கிறது என்று தங்களுக்குத் தெரிய நியாயமில்லை. ஒற்றை ஆளோ பத்துப் பேரோ சேர்ந்து நடத்தும் மேக் மென்பொருள் கடைகள் உலகில் பல உண்டு. மேடையில் கைதட்டல் ஓய்வதற்குள் அங்கே ஒருவர் சோதனைப் பதிப்பான பீட்டாவை இறக்கி, தன் ஆப் எங்கெங்கே உதிர்கிறது என்று பார்க்க உட்கார்ந்துவிடுவார்.

அவர் புதிதாக ஒன்றும் கட்டப்போவதில்லை. நேற்று ஓடியது நாளையும் ஓடவேண்டும், அவ்வளவுதான்.

கிளாஸ்கோக்காரர் ஜேம்ஸ் டாம்சன் 1992இல் வெளியிட்ட பிகால்க் என்ற கால்குலேட்டரையே எடுத்துக்கொள்ளலாம். மோட்டரோலா 68000 வரிசைச் சில்லு, பவர்பிசி, இன்டெல், இப்போது தங்கள் சொந்தச் சில்லு என்று நான்கு வீடு பார்த்துவிட்டது அது. அன்று இரண்டும் இரண்டும் நான்கு என்றது. முப்பது ஆண்டுக்கு மேல் பாடுபட்டு, இன்றும் அதை நான்கு என்றே சொல்லவைத்திருக்கிறார் மனிதர். இந்தப் பாட்டுக்குக் கூலி கேட்கத் தங்கள் கடையில் நேர்வழி கிடையாது. பழைய வாடிக்கையாளருக்கு மட்டும் சலுகை விலையில் அடுத்த பதிப்பு என்ற சாதாரண ஏற்பாட்டை, மேக் ஆப் ஸ்டோர் திறந்த 2011 முதல் தாங்கள் தந்ததேயில்லை. ஒருமுறை காசு கொடுத்தவர் ஆயுள் சந்தாதாரர் ஆகிவிடுகிறார். வேறு வழியின்றி டெவலப்பர் மாதச் சந்தாவுக்கு மாறினால், அதே வாடிக்கையாளர் ஒற்றை நட்சத்திரம் போட்டுப் பேராசைக்காரன் என்று எழுதுகிறார். தங்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை. டெவலப்பரிடமிருந்து ஆண்டுக்கு 99 டாலர் சத்தமில்லாமல் வந்து சேர்ந்துவிடுகிறது.

டாம்சனின் இன்னொரு பிள்ளைக்கு அந்த ஆயுள் வாய்க்கவில்லை. 1995இல் வந்த டிராக்திங், ஆப்களையும் கோப்புகளையும் திரையோரத்தில் வரிசையாக அடுக்கித் தரும். அந்தக் கைப்பழக்கம் வீண்போகவில்லை. ஆப்பிளில் வேலை பார்த்தபோது மேக் திரையில் ஐகான்களை வரிசையாக நிறுத்தும் டாக்கை எழுதியவர்களில் அவரும் ஒருவர். 2000 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் காட்டிப் பெருமைப்பட்டாரே, அதே டாக்தான். டிராக்திங்கோ கார்பன் என்ற தங்கள் பழைய நிரல் சட்டகத்தில், 32 பிட்டில் எழுதப்பட்டது. 2019இல் கேட்டலினா வந்து 32 பிட் ஆப்கள் அத்தனையையும் வாசலுக்கு வெளியே நிறுத்தியது. அஸ்திவாரத்திலிருந்து மறுபடி எழுதவேண்டும், தனியாளுக்குக் கட்டுப்படியாகாது. இருபத்துநான்கு ஆண்டு ஓடிய ஆப்பின் கதை அத்தோடு முடிந்தது. டாக் மட்டும் திரையின் அடியில் சௌக்கியமாக இருக்கிறது.

முன்கூட்டியே சொன்னோமே என்பீர்கள். உண்மைதான், சொன்னீர்கள். கார்பனுக்கு 64 பிட் வரும் என்று 2006இல் சொன்னீர்கள், வராது என்று 2007இல் சொன்னீர்கள். அடோபியே அந்தத் திருப்பத்தில் தடுமாறியது. போட்டோஷாப் 2008இல் விண்டோஸில் 64 பிட்டுக்குப் போனது, மேக்கில் அது நடக்க 2010 ஆயிற்று. அடோபியிடமாவது ஆட்படை இருந்தது.

கேட்டலினாவில் பழைய ஆப்பைத் திறந்தவர்கள் திரையில் ஒரு பெட்டியைப் பார்த்தார்கள். இந்தப் பதிப்பில் இது இயங்க இதன் டெவலப்பர் இதைப் புதுப்பித்தாக வேண்டும், விவரத்துக்கு அவரை அணுகவும் என்பது அதன் சாரம். அதை எழுதியவருக்குப் பொன்னாடை போர்த்தலாம். வாசற்படியை ராத்திரியோடு ராத்திரியாக இடித்து உயர்த்திவிட்டு, காலையில் தடுக்கி விழுந்தவரிடம் செருப்புக்கடைக்காரரைப் போய்க் கேள் என்று சொல்லும் நேர்த்தி எல்லோருக்கும் வராது.

அடுத்தது நோட்டரி விஷயம். 2012இல் கேட்கீப்பர் என்ற காவலாளியை வாசலில் நிறுத்தி, டெவலப்பரின் கையொப்பம் கேட்டீர்கள். கேட்டலினாவிலிருந்து கையொப்பம் போதாது என்றானது. ஆப்பைத் தங்கள் சர்வருக்கு அனுப்பி நோட்டரைஸ் செய்து வாங்கவேண்டும். தீங்கிழைக்கும் மென்பொருளைத் தடுக்கும் நியாயம் இதில் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் கோர்ட்டு வாசலில் மேசை போட்டிருக்கும் நோட்டரி, முத்திரை குத்தியதோடு விட்டுவிடுவார். பத்திரத்தைப் பிரிக்கும்போது கூடவே வந்து நிற்கமாட்டார். தாங்கள் வந்து நிற்கிறீர்கள். பிக் சர் வெளியான 2020 நவம்பர் 12 அன்று, ஆப் திறக்கும்போது டெவலப்பரின் சான்றிதழ் செல்லுமா என்று பார்க்கும் தங்கள் சர்வர் மூச்சுத் திணறியது. பிக் சரைத் தொடாதவர்களின் மேக்கிலும் ஐகான்கள் டாக்கில் துள்ளிக்கொண்டே இருந்தன, ஆப்கள் திறக்கவில்லை. இணைய இணைப்பைப் பிடுங்கியதும் திறந்துகொண்டன!

2024இல் செக்கோயா. நோட்டரி முத்திரை இல்லாத ஆப்பை வலது கிளிக் செய்து திறக்கும் பழைய கொல்லைப்புற வழியை அடைத்துவிட்டீர்கள். இனி செட்டிங்ஸுக்குள் போய், ஒரு பக்கத்தின் அடிவரை இறங்கி, பரவாயில்லை திற என்று தாங்களே ஒப்புக்கொள்ளும் பொத்தானை அமுக்கவேண்டும். திரையைப் படம்பிடிக்கும் ஆப் வைத்திருப்பவரிடம், இது உங்கள் திரையைப் பார்க்கிறதே, சம்மதமா என்று மாதாமாதம் கேட்கவும் ஆரம்பித்தீர்கள். பீட்டாவில் வாரம் ஒருமுறை கேட்டது, கருணையால் மாதம் ஆனது. ஸ்கிரீன்ஷாட் ஆப்பை விலை கொடுத்து வாங்கியவர் அது திரையைப் பார்க்கக்கூடாது என்று எதிர்பார்ப்பாரா?

2002 முதல் ஒலிப்பதிவு ஆப்கள் செய்துவரும் ரோக் அமீபாவின் பாடு இன்னும் சுவாரசியம். தங்கள் புதிய சில்லு வந்த பிறகு, ஆடியோ ஹைஜாக்கை நிறுவ விரும்பியவர் மேக்கை அணைத்து, பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து, ரெக்கவரிக்குள் நுழைந்து, பாதுகாப்பு அளவைத் தானே குறைத்துவிட்டு வரவேண்டியிருந்தது. இதைப் படம்போட்டு விளக்கும் வேலையும் டெவலப்பருக்கே. ஒரு பாட்டைப் பதிவுசெய்ய நினைத்தவர் பாதி வழியிலேயே பயந்து ஓடியிருந்தால் ஆச்சரியமில்லை. 2024இல்தான் அந்தச் சடங்கு இல்லாமல் நிறுவும் வழி பிறந்தது.

2025இல் டாஹோ. பதினைந்துக்கு அடுத்தது இருபத்தாறு என்று எண்ணிக்கையையும் திருத்தியமைத்தீர்கள். பிகால்க் இதைக் கேள்விப்படாமல் இருக்கட்டும். கூடவே ஐகான்களுக்குச் சீருடை. மூலை மழுங்கிய சதுரத்துக்குள் அடங்காமல் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஐகான்களைச் சுருக்கி, சாம்பல்நிறப் பெட்டிக்குள் போட்டு உட்காரவைத்தீர்கள். தண்டனைக்குள்ளான மாணவர்களைப் போல அவை டாக்கில் முழிக்கின்றன. அடுத்த கெடுவும் குறித்தாயிற்று: இன்டெல் மேக்குகளுக்கு டாஹோவே கடைசி, இன்டெல் ஆப்களைப் புதிய சில்லில் ஓட்டும் ரொசெட்டா 27ஆம் பதிப்போடு பெரும்பாலும் விடைபெறும். ரொசெட்டா அருமையான வேலை, அதில் பகடி இல்லை.

பக்கத்துத் தெருவில் மைக்ரோசாஃப்ட் குடியிருக்கிறது. சிம்சிட்டி விளையாட்டில் ஒரு பிழை இருந்ததாகவும், திருப்பிக் கொடுத்த நினைவகத்தையே அது மறுபடி படித்ததாகவும் மென்பொருள்காரர் ஜோயல் ஸ்போல்ஸ்கி எழுதியிருக்கிறார். விண்டோஸ் 3இல் அது தப்பித்தது, விண்டோஸ் 95இல் மாட்டியது. டெவலப்பரை அணுகவும் என்று பெட்டி போடவில்லை அவர்கள். ஓடுவது சிம்சிட்டி என்று தெரிந்தால் நினைவகத்தை உடனே பிடுங்காதே என்று விண்டோஸுக்குள்ளேயே எழுதிவைத்தார்கள். அதனால்தான் அந்த வீட்டுப் பரணில் அவ்வளவு தட்டுமுட்டுச் சாமான் என்று தாங்கள் முகம் சுளிப்பது புரிகிறது. தங்கள் வீட்டில் பரணே இல்லை. பழையதெல்லாம் நேரே தெருவுக்குத்தான்.

பரண் கட்டச் சொல்லி இம்மனு கேட்கவில்லை. ஜூனை ஈராண்டுக்கு ஒருமுறை ஆக்கும்படியும் கேட்கவில்லை. அந்தப் பெட்டியின் வாசகத்தை மட்டும் திருத்தினால் போதும். அடுத்த அப்டேட்டுக்கு மறுநாள் ஏதாவது ஒரு ஆப் திறக்காமல் போகும்போது, திரையில் இப்படி வரட்டும்: “இந்த ஆப் நேற்று இரவுவரை ஓடியது. அதற்குப் பிறகு தளத்தை மாற்றியது நாங்கள். விவரத்துக்கு எங்களை அணுகவும்.” தொலைபேசி எண்ணும் போடவேண்டும்.

இணைப்பு: சாம்பல் பெட்டிக்குள் ஐகான் ஒன்று, நோட்டரி முத்திரையுடன்.