ஆடும் மவுத்பீஸ்: கிள்ளான் பள்ளத்தாக்கை முன்வைத்துச் சில ஆய்வுக் குறிப்புகள்

தமிழாய்வு உலகம் இதுவரை எட்டிப் பார்க்காத இடைவெளி ஒன்று உண்டு. சாக்ஸபோனின் கழுத்துக்கும் அதன் மவுத்பீஸின் உட்சுவருக்கும் நடுவே, விட்டக் கணக்கில் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை குழலோனுக்கு இலக்கணம் வகுத்தது. குழலின் வாய் ஆடினால் எதைச் சுற்றுவது என்று வகுக்கவில்லை. இளங்கோவடிகள் விட்டதை நிரப்புவதே நம் நோக்கம். ஆய்வுப் பரப்பு மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை. இந்த எல்லையை ஆய்வாளர் வகுக்கவில்லை; 1886இல் போட்ட ரயில் பாதை வகுத்துவிட்டது.

அடோல்ப் சாக்ஸ் 1846இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற சாக்ஸபோன், நுனி வெட்டிய கூம்பு. வெட்டுப்பட்ட நுனியின் கொள்ளளவை மவுத்பீஸ்தான் ஈடுகட்ட வேண்டும். மவுத்பீஸ் அரை விரல் தள்ளி நின்றால் சுருதி மட்டும் பிசகாது, கீழ் ஸ்தாயியும் மேல் ஸ்தாயியும் ஒன்றோடொன்று பேச மறுக்கும். கழுத்தையும் மவுத்பீஸையும் சேர்த்துப் பிடித்திருப்பது கழுத்தில் ஒட்டிய கார்க். அது நாளாக நாளாக அமுங்கும். மாணவர் சாக்ஸபோனோடு வரும் யமாஹா 4சி கச்சிதமாகத்தான் உட்கார்ந்திருக்கும். கொஞ்சம் கை தேறி, வேறு கம்பெனி மவுத்பீஸ் வாங்கிய அன்றே ஆட்டம் தொடங்கும். கம்பெனிக்குக் கம்பெனி உள்விட்டம் வேறு.

இனி இப்பள்ளத்தாக்கின் சிறப்புப் பிரச்சினை. வெளியே 32 டிகிரி. கல்யாண மண்டபத்துக்குள் ஏர்கான் புண்ணியத்தில் 22. பத்து டிகிரி இறங்கினால் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு 6 மீட்டர் குறையும். வாத்தியத்தின் சுருதி இறங்கும், பக்கத்திலிருக்கும் கீபோர்டு இறங்காது. மவுத்பீஸை உள்ளே தள்ள வேண்டும். இரண்டு பாட்டு ஊதியதும் மூச்சுச் சூட்டில் சுருதி ஏறும். வெளியே இழுக்க வேண்டும். ஆக, அது நகரவும் வேண்டும், ஆடவும் கூடாது. மாப்பிள்ளைகளிடம்கூட இவ்வளவு எதிர்பார்ப்பதில்லை.

இதற்குக் கண்ட தீர்வுகளில் மூத்தது தாள் மரபு. நாளிதழ்த் தாளின் கனம் சுமார் 0.07 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு இருபுறமும் சேர்த்து 0.14, இரண்டு சுற்றுக்கு 0.28. இடைவெளி அடைபட்டது. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றபோது இலக்கிய உலகம் வருந்தியது. சாக்ஸபோன் தரப்பின் இழப்பை எவரும் பதிவு செய்யவில்லை. சுற்ற உதவிய மற்றத் தாள்களும் போயின: ரயில் டிக்கெட்டை டச் அன் கோ அட்டை விழுங்கிற்று, பார்க்கிங் கூப்பனைக் கைப்பேசிச் செயலி விழுங்கிற்று. எஞ்சியிருப்பது கல்யாணப் பத்திரிகை. பத்திரிகை அட்டை ஒரே சுற்றில் அரை மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றிவிடும். அழுத்திச் செருகினால் எபனைட் மவுத்பீஸ் விளிம்பிலிருந்து விரிசல் விடும்.

கார்க்கைக் கொதிநீர் ஆவியில் காட்டி உப்ப வைப்போரும் உண்டு. ஒரு விசேஷத்துக்குத் தாங்கும். பைப்புக்குச் சுற்றும் வெள்ளை டேப் மரபினர் பற்றிச் சொல்ல அதிகமில்லை: ஒழுகாது, ஆனால் வழுக்கும்.

கள ஆய்வில் கிட்டிய முதன்மைச் சான்று, கிள்ளான் மண்டபமொன்றின் பின்கட்டில். கோயில் பெர்மிட்டில் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த நாகசுரக்காரர், சாக்ஸபோன் இளைஞர் பேப்பர் கிழிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, தாளு எச்சில்ல ஊறிப்போயிரும்யா. அந்த மாலையிலேருந்து நூலை உருவு.”

“மாப்பிள்ளை மாலைங்களா ஐயா?”

“அட, கழட்டிப் போட்ட மாலை தட்டுல கெடக்கு பாரு!”

பூ உதிர்த்த நூலை மெழுகுவத்தியில் இரண்டு முறை இழுத்தார். கார்க்கின் மேல் இழைக்கு இழை ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்றினார். மவுத்பீஸைத் திருகிப் பார்த்து, இரண்டு சுற்றைப் பிரித்து, நுனியைப் பல்லால் கடித்துத் துப்பினார். மவுத்பீஸ் ‘கிறுக்’ என்று உட்கார்ந்தது.

அவருக்கு இது புதிதல்ல. சீவாளியைத் தாங்கும் கெண்டைக்கும் நூல் சுற்றித்தான் உலவில் செருகுகிறார்கள். ஐரோப்பியரின் கிளாரினெட்டிலும் கார்க்குக்கு முன் நூல்தான் இருந்தது. பசூனில் இன்றும் பலர் நூலே சுற்றுகிறார்கள். கார்க்கைத் தேய்த்தால் தேய்த்ததுதான், நூலை ஒரு சுற்று பிரித்து ஒரு சுற்று சேர்க்கலாம். சாக்ஸபோனுக்குக் கார்க் ஒட்டியது ஓர் அவசர முடிவு என்பதே இவ்வாய்வின் துணிபு. அவ்வாத்தியத்தைக் கர்நாடக மேடையில் நிலைநாட்டி, 1994இல் ‘டூயட்’ படம் வழியாக வீடுதோறும் கொண்டுசேர்த்த கத்ரி கோபால்நாத் நாகசுர வித்வானின் மகன் என்பதைத் தற்செயல் என்று சொல்வோர் சொல்லட்டும்.

கார்க்குக்குத் தேங்காய் எண்ணெயா, உதட்டுக்குப் பூசும் பாமா என்ற பூசல் தீரவில்லை. மேலாய்வு செய்ய விரும்புவோர் பிரிக்பீல்ட்ஸ் மாலைக் கடைகளில் நூலின் கனத்தை அளந்து தொடங்கலாம். தைப்பூச வாரத்தில் மட்டும் எந்த வாத்தியக்காரரிடமும் பேட்டி கேட்க வேண்டாம். பத்துமலை வரை ஊதிவிட்டு வந்தவருக்குப் பதில் சொல்ல உதடு ஒத்துழைக்காது.