குதிரை வந்த கப்பலில் எழுத்தும் வந்தது

கொடியில் மீனை வைத்துக்கொண்டு குதிரைக்குப் பித்துப் பிடித்து அலைந்தவர்கள் பாண்டியர்கள். ஹோர்முஸ், ஏடன் துறைகளிலிருந்து பாண்டிய நாட்டுத் துறையான காயலுக்குக் கப்பல் கப்பலாகக் குதிரை வந்தது. 1292 வாக்கில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ கணக்கே எழுதி வைத்திருக்கிறார்: ராஜா ஆண்டுக்கு 2,000-க்கு மேல் வாங்குகிறார், வருஷக் கடைசியில் 100 கூடத் தேறுவதில்லை. (அந்தக் காயல் பழையகாயலா, காயல்பட்டினமா என்ற வழக்கில் நான் தலையிடுவதாக இல்லை. தலையிட்டால் இரண்டு ஊரிலும் சோறு கிடைக்காது.)

சோறு என்றதும் நினைவு வருகிறது: குதிரைக்கும் சோறும் கறியும் சமைத்துப் போட்டார்களாம்! லாடம் கட்டவும் வைத்தியம் பார்க்கவும் ஆள் கிடையாது. வியாபாரிகளும் லாடக்காரன் ஒருவனைக்கூடக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த ஆர்டர்?

அதே கடல்வழியில் அரபு எழுத்தும் வந்து இறங்கியது. காயல்பட்டினத்து ஆலிம்கள், அதாவது மார்க்க அறிஞர்கள், விவரமானவர்கள். கையில் கிடைத்ததைப் பிரித்துப் பார்த்தார்கள். அரபியில் ‘ப’ இல்லை, ‘ட’ இல்லை, ‘ழ’வுக்கு வழியே இல்லை. சொந்த ஊர்ப் பெயரையே எழுத முடியாது! ‘ஃபே’ எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தார்கள், ‘ப’ தயார். மற்ற ஒலிகளுக்கும் இருக்கிற எழுத்தையே பிடித்து இதே வைத்தியம். இலக்கணம் தமிழ், எழுத்து அரபு, ஓட்டம் வலமிருந்து இடம்: அரபுத்தமிழ் பிறந்தது. 1816-ல் காயல்பட்டினத்தில் பிறந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் கீழக்கரையிலிருந்து இதில் மார்க்க நூல்கள் எழுதினார். இலங்கை முஸ்லிம்களும் அரபுத்தமிழில் படித்தார்கள்.

இருப்பதைப் பிரித்து, வேண்டிய பகுதியை மட்டும் மாற்றிக்கொள்ளும் இந்தப் புத்தி கணினிக்காரர்களுக்கு வர 1958 ஆனது. 10 நிரல்மொழி, 8 வகை எந்திரம் என்றால், நிரலை எந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் 80 எழுதிச் சாகவேண்டும். நடுவே ஒரு பொதுமொழியை வைத்துவிட்டால் மொழியைப் பொதுமொழிக்கு மாற்ற மொழிக்கு ஒரு முன்பகுதி, அதை எந்திரத்துக்கு மாற்ற எந்திரத்துக்கு ஒரு பின்பகுதி, ஆக 18-ல் வேலை முடியும். ‘அன்கால்’ என்று அதற்குப் பெயரும் சூட்டினார்கள். சூட்டியதோடு சரி, பிள்ளை பிறக்கவில்லை.

2000-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னரும் விக்ரம் அட்வேயும், அதேபோல நடுவே பொதுமொழியை வைக்கிற எல்எல்விஎம் என்ற கம்பைலர் தொகுப்பைத் தொடங்கினார்கள். அதன் பகுதிகளைத் தனித்தனியே கழற்றி எடுத்து மாட்டிக்கொள்ளலாம். ஸ்விஃப்ட், ரஸ்ட், ஜூலியா மொழிக்காரர்கள் முன்பகுதியை மட்டும் தாங்கள் எழுதிக்கொண்டு, எந்திரத்தோடு மல்லுக்கட்டுகிற வேலையை அதன் தலையில் கட்டிவிட்டார்கள். இதில் ரஸ்ட்காரர்கள் கொஞ்சம் உஷார். எல்எல்விஎம்முக்குத் தனிப் பிரதி வைத்து, தங்களுக்கு வேண்டிய திருத்தங்களை அதில் சேர்த்துக்கொள்கிறார்கள். காயல்பட்டினத்தில் போய் இதைப் பெருமையாகச் சொன்னால், புள்ளியை மேலே வைத்தார்களா, கீழே வைத்தார்களா என்று கேட்பார்கள்.