ஒரு வாழைப்பழம், மூன்று லட்சம் ரூபாய்

சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்கா,

"கட்டடமா கட்டி வச்ச ஊர்ல காடு ஏது, ஞாயித்துக்கிழமையானா எங்க சுத்துறான்?" என்று அத்தான் கேட்டாராமே. காடு ஊருக்கு நட்டநடுவில் இருக்கிறது என்று சொல். பஸ்ஸை விட்டு இறங்கினால் மெக்ரிச்சி நீர்த்தேக்கம், அதைச் சுற்றிக் காடு. கூட்டிப்போக ஆள் கிடையாது. தேசியப் பூங்காக் கழகத்தின் கையேட்டைப் போனில் இறக்கிக்கொண்டு நாமே நடக்க வேண்டியதுதான். எங்கே நின்று எந்த மரத்தை அண்ணாந்து பார்ப்பது என்பதுவரை போட்டிருக்கிறது. உள்ளே மரங்களின் உச்சி மட்டத்தில் 250 மீட்டர் தொங்குபாலம். ஒருவழிப்பாதை. திங்கட்கிழமை அதற்கு லீவு. எனக்கு இல்லை.

புக்கிட் தீமா ஏறினதையும் அத்தானிடம் சொல்லிவிடு, இந்த நாட்டிலேயே உயரமான மலை. உயரம் 164 மீட்டர் என்பதை மட்டும் சொல்லாதே.

காட்டுக் குரங்கு விஷயத்துக்கு வருகிறேன். இங்கே குரங்குக்குத் தின்னக் கொடுத்தால் முதல் தடவை 5,000 வெள்ளி வரை அபராதம், நம் பணத்தில் மூன்று லட்சத்துக்கு மேல். மறுபடி கொடுத்தால் 10,000 வரை. பிளாஸ்டிக் பையைக் கண்டாலே குரங்குக்குச் சாப்பாடு ஞாபகம் வந்துவிடும். போன வாரம் கைப்பிடிக் கம்பியில் ஒரு கடுவன் உட்கார்ந்து, முதலில் என் பையின் அடிப்பக்கத்தைப் பார்த்தது, அப்புறம்தான் என் முகத்தை. கூட நடந்த சீனப் பாட்டி (இங்கே எல்லோரும் ஆன்ட்டிதான்) பையைப் பிடுங்கி என் முதுகுப்பைக்குள் திணித்து ஜிப்பை இழுத்தார். உள்ளே என் வாழைப்பழம். அதைத் தின்னவும் பயம். உரிக்கும்போது குரங்கு பறித்துக்கொண்டால், அது எடுத்ததா நான் கொடுத்ததா என்று யாரிடம் போய் நிரூபிப்பது? கடைசியில் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தின்றேன். வெளிநாட்டு வாழ்க்கை.

சிரிக்காதே. 2020-இல் சட்டத்தை மாற்றியதிலிருந்து புறா, காக்காய் எல்லாம் இதில் அடக்கம். அப்பா திதிக்குச் சமைத்து இலை போட்டேன். எதிரே மரத்தில் காக்காய் கத்திக்கொண்டே இருந்தது. வீடு பன்னிரண்டாவது மாடி, கை நீட்டினால் எட்டும் ஜன்னல். சோற்றைப் பிசைந்து கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நானே தின்றேன். சட்டம் நியாயம்தான் அக்கா, தீனி போட்டுப் பழக்கினால் குரங்கு வீட்டுக்குள் வரும், அப்புறம் அதற்குத்தான் ஆபத்து. ஆனால் திதிக்கு மட்டும் ஒரு விலக்கு வைத்திருக்கலாம். தை அமாவாசைக்கு என் பங்குக்கும் ஒரு உருண்டை நீ வைத்துவிடு.

பொங்கல் முடிந்து அம்மா வருகிறாள் அல்லவா, அவள் கைப்பையை ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் முன் நீயே ஒருதடவை கொட்டிப் பார். பொட்டுக்கடலை இருந்தால் எடுத்துவிடு. அழகர்கோயில் குரங்கு ஞாபகத்தில் இங்கே கையை நீட்டினாள் என்றால் என் சம்பளம் தாங்காது.

உன் தம்பி