மோட்சார்ட் பிள்ளைகள்

1993-இல் கலிஃபோர்னியாவில் 36 கல்லூரி மாணவர்களுக்கு மோட்சார்ட்டின் இரட்டைப் பியானோ சொனாட்டா ஒன்றைப் பத்து நிமிடம் போட்டுக் காட்டினார்கள். பிறகு ஒரு பரீட்சை: மடித்து வெட்டிய காகிதத்தை விரித்தால் எப்படி இருக்கும் என்பது போன்ற கேள்விகள். மதிப்பெண் கொஞ்சம் கூடியது. கால் மணி நேரத்துக்குள் அந்தச் சாமர்த்தியமும் கரைந்துபோனது. 'நேச்சர்' இதழில் ஒரே ஒரு பக்கம் வந்த சமாசாரம் இவ்வளவுதான்.

அதை ஊர் படித்த விதமே தனி. மோட்சார்ட் கேட்டால் குழந்தை மேதையாகிவிடும்! ஆய்வில் பேருக்குக்கூட ஒரு குழந்தை இல்லை. இருந்தால்தான் என்ன, இல்லாவிட்டால்தான் என்ன? 1998-இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜெல் மில்லர், அங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் சாஸ்திரிய இசைக் குறுந்தகடு தர 1,05,000 டாலர் கேட்டார். சட்டமன்றத்திலேயே இசையை ஒலிக்கவிட்டு, அறிவு ஏறுவது தெரிகிறதா என்று உறுப்பினர்களிடம் விசாரித்தார். ஒலித்தது பேத்தோவன். (இசை இசைதானே, போகட்டும்.) அதே ஆண்டு ஃபுளோரிடாவில், அரசுப் பணம் வாங்கும் குழந்தைக் காப்பகங்கள் தினமும் சாஸ்திரிய இசை போட்டாக வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது.

மறு ஆண்டு கனடாவில் இரண்டு ஆய்வாளர்கள் மோட்சார்ட்டுக்குப் போட்டியாகத் திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் சிறுகதை ஒன்றை இறக்கிப் பார்த்தார்கள். கதை பிடித்தவர்களுக்குக் கதை கேட்டபின் மதிப்பெண் கூடியது. இசை பிடித்தவர்களுக்கு இசை கேட்டபின். மனசுக்குப் பிடித்ததைக் கேட்டால் மூளை சற்று சுறுசுறுப்பாகிறது, அவ்வளவே. ஆனாலும் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு ஸ்டீபன் கிங் வாங்கித் தர எந்த ஆளுநரும் நிதி கேட்டதாகத் தெரியவில்லை.