ஏழாம் தறியிலிருந்து ஜவுளி அமைச்சகத்துக்கு

பெறுநர்: உயர்திரு மத்திய ஜவுளி அமைச்சகம் அவர்கள், புது தில்லி.

அனுப்புநர்: எட்டுத் தறிக்குச் சொந்தக்காரன் (ஓடுவது ஐந்து), சங்கரன்கோவில், தென்காசி மாவட்டம்.

பொருள்: நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா,

இங்கு நலம். அங்கும் நலம் என்பது உங்கள் செய்திக்குறிப்புகளைப் படித்தாலே தெரிகிறது. நாட்டில் நெய்கிற துணியில் பாதிக்கு மேல் விசைத்தறியில்தான் வருகிறது என்று நீங்களே எழுதுகிறீர்கள். அந்தப் பாதிக்கு மேலில், ஓரத்தில் ஒரு கரை நூல் அளவுக்கு நானும் இருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்க் கதை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். சங்கன், பத்மன் என்று இரண்டு நாகராஜாக்கள். சங்கனுக்குச் சிவன் பெரியவர், பத்மனுக்குத் திருமால் பெரியவர். வழக்கு கோமதி அம்மனிடம் போனது. அம்மன் தபசு இருந்தாள். ஆடி மாதத்தில் சிவனும் திருமாலும் ஒரே உடம்பாக, வலப்பக்கம் சங்கரன், இடப்பக்கம் நாராயணன் என்று வந்து காட்சி கொடுத்தார்கள். அதுதான் ஆடித்தபசு. இன்றைக்கும் அந்த நாட்களில் கோயிலை நூற்றியெட்டுத் தடவை சுற்றி வருகிறவர்கள் உண்டு. ஆடிச்சுற்று என்போம்.

எங்கள் நூலுக்கும் சாமிகள் பல. பருத்திக்குச் சுங்கம் போடுவதும் எடுப்பதும் நிதி அமைச்சகம். நூல் ஏற்றுமதி என்றால் வணிக அமைச்சகம். பருத்தி விளைச்சல் வேளாண்மை அமைச்சகம். ஜி.எஸ்.டி.க்குத் தனி மன்றம். மின்சாரம் சென்னையில். ஜவுளி மட்டும் உங்களிடம். சங்கனும் பத்மனும் யார் பெரியவர் என்று சண்டை போட்டார்கள். உங்களுக்குள் அந்தச் சண்டையே கிடையாது. ‘நான் எம்மாத்திரம், அவர்தான் பெரியவர்’ என்று ஒருவர் மற்றவரைக் கைகாட்டும் பணிவு இருக்கிறதே, அதை நாகராஜாக்கள் கற்றிருந்தால் அம்மன் ஒற்றைக்காலில் நின்றிருக்க வேண்டாம். நாங்கள் மட்டும் வருஷம் பூராவும் ஆடிச்சுற்று சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

2021 பிப்ரவரி பட்ஜெட்டில் இறக்குமதிப் பருத்திக்கு வரி வைத்தார்கள், எல்லாம் சேர்த்து 11 சதவீதம். உள்நாட்டு விவசாயிக்குப் பாதுகாப்பு என்றார்கள். நல்லதுதான், நானும் சம்சாரி வீட்டுப் பிள்ளைதான். அதன் பிறகு பருத்தி விலை ஏறிய வேகத்தைச் சொல்ல வேண்டுமானால் கண்டிக் கணக்கில்தான் சொல்ல வேண்டும். 356 கிலோ ஒரு கண்டி. 2022 மே மாதம் கண்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஒரு வருஷத்துக்குள் இரண்டு மடங்குக்கு மேல். அதற்கு முந்திய மாதம், ஏப்ரல் 14 முதல், வரியை எடுத்தார்கள். சித்திரை ஒன்று, தமிழ்ப் புத்தாண்டு. நல்ல நாள் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் பருத்திக்குப் பஞ்சாங்கம் தெரியாது. வெளிநாட்டில் வாங்கி, கப்பல் பிடித்து, தூத்துக்குடியில் இறக்கி, மில்லுக்குக் கொண்டுபோய், நூலாகி என் தறிக்கு வர எத்தனை மாதம்? விலக்கு முடிகிற தீபாவளி வாக்கில் விலை தானாகவே இறங்கிவிட்டது. உச்சத்தில் வாங்கிய நூல் என் குடோனில் இருந்தது. கடைக்காரர் அண்ணாச்சி, “இப்பதான் நூல் குறைஞ்சிட்டுல்லா, சேலையக் குறைச்சுப் போடும்” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

மறுபடி வரி வந்தது. 2025 ஆகஸ்ட் 19-இல் மறுபடி எடுத்தார்கள், முதலில் செப்டம்பர் 30 வரை, பிறகு டிசம்பர் 31 வரை. தறியில் நாடா போவதும் வருவதும் இப்படித்தான். என்ன வித்தியாசம், அங்கே நாடா போய் வந்தால் துணி வளரும்.

வேடிக்கை என்னவென்றால், நான் உட்கார்ந்து எழுதுகிற இடத்திலிருந்து குருவிகுளம், திருவேங்கடம் பக்கம் போனால் கரிசல் காடு. பருத்தி வெடித்துக் கிடந்த மண். பக்கத்துக் கோவில்பட்டியில் 1901-லேயே வெள்ளைக்காரன் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் வைத்துவிட்டான். இப்போது பருத்தி எடுக்க ஆள் இல்லை என்று பல பேர் மக்காச்சோளத்துக்கு மாறிவிட்டார்கள். பருத்திக்கு நாலைந்து தடவை குனிய வேண்டும், மக்காச்சோளத்துக்கு அறுவடை இயந்திரம் வந்து போகும். ஆகவே கரிசலில் உட்கார்ந்துகொண்டு குஜராத்துப் பருத்திக்கும் மகாராஷ்டிரத்துப் பருத்திக்கும் லாரி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஆள் இல்லை என்று சொல்லிவிட்டேன், ஆகவே அந்தக் கதையையும் சொல்கிறேன். எங்கள் பட்டறையில் ஒருவர் இரண்டு தறி பார்த்தார். இப்போது நாலு பார்க்கிறார். ஒன்றாம் தறியில் அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டிருக்கும்போது நாலாம் தறியில் இழை அறுந்தால் அதற்குக் கை தட்டிக் கூப்பிடத் தெரியாது. அதுபாட்டுக்கு ஓடும். அவர் அங்கே போய்ச் சேர்வதற்குள் ஒரு சாண் துணியில் கோடு விழுந்திருக்கும். கடையில் அந்தச் சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். “செகண்ட்ஸ்” என்று ஓரமாகப் போடுவார்கள். பாவு, ஊடை, சாயம், கூலி எல்லாம் முதல் தரத்தில் கொடுத்து, விலையை மட்டும் இரண்டாம் தரத்தில் வாங்கிக்கொண்டு வருவேன்.

ஏழாம் தறிக்காரர் ஒரு நாள் கிளம்பினார். பதினெட்டு வருஷம் இங்கே இருந்தவர். சாயங்காலம் தறியை நிறுத்திவிட்டு, கையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டே வந்து நின்றார்.

“அண்ணாச்சி, நாளைலேர்ந்து வரல.”

“என்னய்யா திடீர்னு?”

“திருப்பூருக்குப் போறேன். மச்சினன் கூப்பிட்டுட்டே இருக்கான். இங்க ஓடுன நாளுக்குத்தான கூலி. நூல் இல்லன்னா நீங்களும் சும்மா இருக்கிய, நானும் சும்மா இருக்கேன். உங்களுக்குப் பரவால்ல, நான் என்ன செய்யச் சொல்லுதிய?”

எனக்குப் பதில் இல்லை. நூலுக்குக் காத்திருக்கிற நாளுக்கு யார் கூலி கொடுப்பது என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதவில்லை. மில் கொடுக்காது. சாயப்பட்டறை கொடுக்காது. நானும் கொடுக்கவில்லை. இதை மறைத்து உங்களை மட்டும் குறை சொன்னால் கோமதி அம்மன் சும்மா விடமாட்டாள்.

பிறகு 2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி என்றது. திருப்பூரில் ஆர்டர் தளர்ந்தது. ஏழாம் தறிக்காரர் ஊருக்கு வந்தார். தொழிலாளர் பற்றாக்குறையைத் தீர்க்க எத்தனையோ திட்டம் பேசப்பட்டது. எனக்கு ஆள் அனுப்பி வைத்தது வாஷிங்டன் மட்டும்தான். இருபது நாள் ஓட்டினார். அதற்குள் கரை நூல் தீர்ந்தது. செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்.

ஆள் இல்லாவிட்டால் இயந்திரம் வாங்கு என்பீர்கள். 2017 ஏப்ரல் முதல் தேதி பவர்டெக்ஸ் இந்தியா என்று விசைத்தறிக்குத் திட்டம் வந்தது. பழைய தறியை மேம்படுத்த உதவி என்றார்கள். செலவில் ஒரு பங்கு உங்களுடையது, மிச்சம் என்னுடையது. என் பங்குக்கு வங்கிக்குப் போனால் எட்டுத் தறியில் எத்தனை ஓடுகிறது என்று கேட்பார்கள். மூன்று நிற்கிறது என்றால் கடன் கிடையாது. எட்டும் ஓடினால் எனக்குக் கடன் எதற்கு?

பக்கத்து விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் ‘பி.எம். மித்ரா’ ஜவுளிப் பூங்கா வருகிறது. சந்தோஷம். பஞ்சு உள்ளே போய்ச் சட்டையாக வெளியே வருமாம். ஆனால் எனக்கு இப்போதைக்கு வேண்டியது 1,052 ஏக்கர் இல்லை. மெரூன் கலரில் பத்துக் கிலோ கரை நூல்.

விலை விஷயத்தில் எனக்குப் புரியாத ஒன்று உண்டு. உங்களிடம் பெரிய அதிகாரிகள் இருக்கிறார்கள், விளக்கலாம். நூல் விலையை மில்காரர்கள் மாதம் முதல் தேதி சொல்கிறார்கள். 2022 மே முதல் தேதி திருப்பூர்க்காரர்களுக்குக் கிலோவுக்கு 40 ரூபாய் ஒரே அடியாக ஏறியது ஞாபகமிருக்கும். மின் கட்டணம் சமீப வருஷங்களாக ஜூலையில் ஏறுகிறது. (விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவசம் என்றிருந்ததை 2023-இல் ஆயிரமாக்கினார்கள். தமிழ்நாட்டு அரசுக்கு அந்த நன்றியைத் தனியாக எழுதுகிறேன், இது உங்கள் கடிதம்.) கூலி, பேச்சுவார்த்தை முடிந்து கையெழுத்தானால் சில வருஷத்துக்கு ஒரு தடவை ஏறுகிறது. கூலி கேட்பவர்கள் வயிற்றுக்குக் கேட்கிறார்கள், அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆக, எனக்கு மேலே இருக்கிற எல்லோருக்கும் விலை சொல்ல ஒரு தேதி இருக்கிறது. என் சேலைக்கு மட்டும் தேதி இல்லை. கடைக்காரர் ஆர்டர் கொடுத்த அன்றைய விலைதான் மூன்று மாதம் கழித்துச் சரக்குப் போகும்போதும்.

தீப்பெட்டிக்காரர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிக்காரர்கள் சிவப்புப் பாஸ்பரஸ், மெழுகு, அட்டை எல்லாம் ஏறியதும் ஒன்றாக உட்கார்ந்து பேசி, 14 வருஷமாக ஒரு ரூபாயாக இருந்த பெட்டியை 2021 டிசம்பர் முதல் தேதி இரண்டு ரூபாய் ஆக்கினார்கள். நாங்களும் ஒருநாள் ஒன்றாக உட்கார்ந்தோம். டீ குடித்தோம். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும், பழைய விலைக்கே பத்து ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்று கடைக்காரருக்குப் போன் போட்டவர் எங்கள் தெருக்காரர். இதற்கும் அமைச்சகத்தைக் குற்றம் சொல்ல முடியாதுதான்.

உத்யம் என்று பதிவு செய்த சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் பட்டுவாடா செய்யாவிட்டால் வாங்கியவர் அதை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது என்று 2024 ஏப்ரல் முதல் வருமான வரியில் நடைமுறைக்கு வந்தது. நிதி அமைச்சகத்தின் உபகாரம், ஆனால் உங்கள் மூலமாக நன்றி சொல்கிறேன். படித்ததும் கண் கலங்கியது. தொண்ணூறு நாள், நூற்றிருபது நாள் என்று கடைகளில் தொங்கியவன் நான். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வெளியூர்க் கடை ஒன்றுக்குப் போனேன். முதலாளி மரியாதையாக உட்கார வைத்து மோர் கொடுத்தார்.

“உம்ம கிட்ட உத்யம் பதிவு இருக்கா?”

“இருக்கு அண்ணாச்சி. நேத்துத்தான் பிரிண்ட் எடுத்தேன்.”

“அப்போ உம்ம சரக்கு வேண்டாம். பதிவு இல்லாத ஆளா ஒருத்தர் சொல்லும்.”

மோர் நன்றாக இருந்தது.

வேறு நன்றிகளும் உண்டு. ஜவுளிக்கு ஜி.எஸ்.டி.யை 5-இலிருந்து 12 ஆக்கப் போகிறோம், 2022 ஜனவரி ஒன்று முதல் என்று அறிவித்துவிட்டு, டிசம்பர் 31 அன்று ஒத்திவைத்தார்கள். வாழ்நாளில் ஒரு தடவைதான் புத்தாண்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நான் விழித்திருந்தேன்.

இனி என் கோரிக்கை. மானியம் கேட்கவில்லை. மூன்று விஷயம் கேட்கலாம் என்று எழுதி, இரண்டை அடித்துவிட்டேன், ஒன்றாவது நடக்கட்டும் என்று. வரியை வையுங்கள், அல்லது எடுங்கள். எதைச் செய்தாலும் பருத்தி வருஷம் தொடங்குகிற அக்டோபருக்கு முன்னால், வருஷம் முழுமைக்கும் என்று ஒரே தடவையாகச் சொல்லிவிடுங்கள். மில்காரர் தன் விலையைக் கொஞ்சம் முன்கூட்டிச் சொல்வார், நான் கடைக்காரரிடம் முன்கூட்டிச் சொல்வேன், தறிக்காரரிடம் அடுத்த மாதமும் வேலை இருக்கிறது என்று வாய் திறந்து சொல்லலாம். அதைச் சொல்ல முடியாததால்தான் அவர் போனார். ஐந்தாறு சாமிகள் ஒரே உடம்பில் காட்சி கொடுக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அது பெரிய வரம். ஒரே தேதியில் காட்சி கொடுத்தால் போதும்.

நேரில் வந்து பார்க்க விருப்பமிருந்தால் சென்னையிலிருந்து ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறுங்கள், விடிகாலையில் எங்கள் ஊரில் இறங்கலாம். மதியம் பிரியாணி என் பொறுப்பு. ஆடித்தபசு அன்றைக்கு மட்டும் வர வேண்டாம். உள்ளூர் விடுமுறை, எட்டுத் தறியும் நிற்கும். எது நூல் இல்லாமல் நிற்கிறது, எது ஆள் இல்லாமல் நிற்கிறது, எது சாமிக்காக நிற்கிறது என்று உங்களுக்குக் குழப்பமாகிவிடும். மற்ற நாளில் வந்தால் எளிது. நிற்கிற மூன்றில் கடைசித் தறிக்குப் போங்கள். அதில் மெரூன் கரை வைத்த சேலை ஒன்று உடம்பு முழுக்க நெய்து, முந்தி போடாமல் கிடக்கிறது. தூசி படியாமல் இருக்கப் பழைய வேட்டி ஒன்றை மேலே மூடியிருக்கிறேன். அதை விலக்கிப் பார்த்துவிட்டு, மறக்காமல் திரும்ப மூடிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் புள்ளிவிவரத்தில் ஒருவன்.