தாமரை 49: மருதத்திணைக்கு ஒரு பிற்சேர்க்கை

நிலத்தைப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் பூவும் பொழுதும் பறவையும் ஒதுக்கிக் கொடுத்த முன்னோர் ஓர் ஆளை மட்டும் விட்டுவிட்டார்கள். நள்ளிரவில் மாடி அறையில் உட்கார்ந்து, இல்லாத காரை இல்லாத சாலையில் விரட்டுகிறவன் எத்திணைக்கு உரியவன்? பரமத்தி வேலூரில் முப்பத்தோராண்டு தமிழ் நடத்தி ஓய்வு பெற்ற எனக்கு இக்கேள்வி நூலகத்தில் எழவில்லை. என் வீட்டு மாடியில் எழுந்தது. ஐரோப்பியர் சிலர் கம்ப்யூட்டர் வழியே நடத்தும் ரேஸ் லீக் ஒன்றில் என் மாப்பிள்ளை சேர்ந்திருக்கிறார். 1967-ஆம் ஆண்டுக் கார்களுக்கு மட்டுமே அங்கே அனுமதி. மேசையைக் கவ்விய ஸ்டியரிங், காலடியில் மூன்று பெடல், பக்கத்தில் கியர்த் தண்டு, எதிரே திரை. இத்தொகுதிக்கு அவர்கள் இட்ட பெயர் ரிக்.

முதற்கண் இச்சொல்லை ஆராய்வோம். ரிக் மூவகைப்படும். ஒன்று வேதம். இரண்டாவது, திருச்செங்கோட்டிலிருந்து புறப்பட்டு இந்தியா முழுக்கப் பூமியைத் துளைத்துவரும் போர்வெல் லாரி. மூன்றாவது மாப்பிள்ளையுடையது. நாமக்கல் சீமையில் இரண்டாவதே பெருவழக்கு. ஆகவே 'வாத்தியார் ஊட்டு மாப்ள ரிக்கு வாங்கியிருக்கறாப்ல' என்ற செய்தி பரவிய ஒரே வாரத்தில் ஒறம்பரை மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் மூத்தவர் என் பெரியப்பா மகன். நேஷனல் பர்மிட் லாரியில் கௌஹாத்தி வரை போய்வந்து, இப்போது வாழையும் வெற்றிலைக் கொடிக்காலுமாக இருக்கிறார்.

"ஏனுங் மாப்ள, தோட்டத்துல பாயிண்ட்டு பாத்து வெச்சிருக்கறனுங். உங்க ரிக்கு எத்தன அடிக்குப் போகுமுங்?"

"பாயிண்ட்டுக்குத்தானுங் மாமா நானும் ராத்திரியெல்லாம் கண்ணு முழிக்கறேன்" என்றார் மாப்பிள்ளை.

ஒருவருக்குப் பாயிண்ட் என்பது நீரோட்டம் உள்ள இடம். மற்றவருக்கு லீக் அட்டவணையில் ஏறும் எண். இருவரும் உண்மையே பேசினர். அரைமணி நேரம் பேசினர். போகும்போது அண்ணன், அடிக்கு என்ன ரேட்டு என்று போனில் சொல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

இனிக் கார். மாப்பிள்ளை ஓட்டுவது லோட்டஸ் 49. தாமரை என்க. (சின்னம் அன்று, கார்.) 1967 ஜூன் 4 அன்று நெதர்லாந்தின் சான்ட்வூர்ட் தடத்தில் முதன்முதலாக இறங்கி, ஜிம் கிளார்க் கையில் அன்றே வென்ற வண்டி. மூன்று லிட்டர் காஸ்வொர்த் எஞ்சின். ஏறத்தாழ 400 குதிரைத் திறன். எடையோ அரை டன் சொச்சம். காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் இறக்கைகள் அந்த ஆண்டில் இன்னும் முளைக்கவில்லை. ஆகவே வளைவில் நான்கு சக்கரமும் வழுக்கியபடியே போகும். அந்த வழுக்கலை ஆக்சிலேட்டரால் ஆளுவதுதான் ஓட்டுவது. பயந்து காலைத் தூக்கினாலோ, பாரம் முன்னே சாய்ந்து, பின்பக்கம் இலேசாகி, பின்னால் வந்தது முன்னால் போய்விடும்.

நிறம்: பச்சை, நடுவே மஞ்சள் பட்டை. எங்கள் ஊர்க் கண்ணுக்கு அது கொழுந்து வெற்றிலை. 1968-இல் அதே காருக்கு கோல்ட் லீஃப் சிகரெட்டின் சிவப்பு, வெள்ளை, பொன் வண்ணங்களைப் பூசினார்கள். 104 கவுளியைச் சுமையாகக் கட்டும் ஊரில், வெற்றிலைக்குப் பின்னால் புகையிலை வந்ததற்கு யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

1967-ஆம் ஆண்டின் கார்களைக் கம்ப்யூட்டருக்குள் முழு முரட்டுத்தனத்தோடு இறக்கியது 1998-இல் வெளிவந்த 'கிராண்ட் பிரிக்ஸ் லெஜண்ட்ஸ்'. பாபிரஸ் நிறுவனத்தின் டேவ் கேமர் செய்தது. 2008-இல் தொடங்கிய ஐரேசிங் என்ற இணையப் பந்தயத்திலும் அவர் கை உண்டு. 1967-இன் பிரெஞ்சுப் பந்தயம் லெ மானில் நடந்திருக்க, விளையாட்டில் ரூவான் தடம் இருப்பதைக் கண்டேன். பாடபேதம் ஏட்டுச்சுவடிக்கு மட்டும் உரியதன்று. வாங்கியவர்கள் முதல் வளைவிலேயே சுழன்று வேலியில் முட்டினார்கள். கடைகளில் அது அவ்வளவாக விற்கவில்லை. விடாப்பிடியாக ஓட்டியவர்கள் மட்டும் லீக் அமைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் முட்டிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை அந்தப் பரம்பரையில் கடைசியாக வந்தவர்.

இனித் திணை. முதற்பொருள் நிலமும் பொழுதும். நிலம் ஐயத்துக்கு இடமற்றது: ஜேடர்பாளையம் அணையில் பிரியும் ராஜவாய்க்கால் பாயும் வயல் எங்களுடையது. மருதம். மருதத்துக்கு உரிய பூ தாமரை. கார் தாமரை. இதற்கு மேலும் சான்று கேட்பார் உளரேல், பொழுதைக் காண்க. ஐரோப்பாவில் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ரேஸ், அவர்களுடைய குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு 12.30. தகுதிச் சுற்றும் பந்தயமும் முடிய 2 மணி. யாமம் முடிந்து வைகறை தொடங்குவதும் சரியாக 2 மணி. வைகறை மருதத்தின் சிறுபொழுது. அற்றேல், கோடையில் ஐரோப்பியர் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகிறார்களே, அப்போது பந்தயம் 11.30-க்குத் தொடங்கி யாமத்துக்குள்ளேயே முடிந்து குறிஞ்சியாகிவிடாதோ எனின், ஆகிவிடும். அதைத் திணைமயக்கம் எனக் கொள்க. இலக்கணத்தில் இப்படி ஒரு பின்கதவு இல்லாவிட்டால் நாங்கள் எல்லாம் எப்படிப் பிழைப்பது?

உரிப்பொருள் ஊடல். பரத்தையிடம் போன தலைவன் வைகறையில் திரும்பி வருவான். தலைவி கதவு திறவாள். இங்கே தலைவன் வீட்டை விட்டே போகவில்லை. மாடிக்குத்தான் போனான். ஆனால் இரண்டு மணிக்குப் படியிறங்கி வருகிறவன் கண்ணில் தூக்கமின்மையும், உள்ளங்கையில் ஸ்டியரிங் தேய்த்த சிவப்பும், 'கடைசி லேப்பில் ஒருத்தன் இடிச்சுட்டான்' என்ற புலம்பலும் இருந்தால், எந்தத் தலைவி நம்புவாள்? என் மகள் உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். பாணன், தோழி போன்ற வாயில்கள் இப்போது கிடைப்பதில்லை. ஆகவே மாமனாரே வாயிலாகச் செல்ல நேர்ந்தது.

"ஏம்மா, கதவத் தெறக்கலாமல்ல?"

"அந்தத் தாமரகிட்டயே படுத்துக்கச் சொல்லுங்கப்பா."

துறை: வாயில் மறுத்தல். இலக்கணம் வழுவாமல் பேசிய மகளை நினைத்து எனக்குப் பெருமைதான். கூடத்தில் பாய் விரித்துக் கிடந்த மாப்பிள்ளைக்கு அது எட்டவில்லை.

அந்த இடித்தலும் ஆராயத்தக்கது. வேலூருக்கும் பிராங்பர்ட்டில் உள்ள லீக் சர்வருக்கும் நேர்க்கோட்டில் சுமார் 7,500 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். போய்த் திரும்பக் குறைந்தது 75 மில்லி நொடி. கடலடிக் கம்பி எங்கே நேர்க்கோட்டில் போகிறது? சுற்றி வளைத்துப் போக 150 ஆகிறது. மணிக்கு 180 கிலோமீட்டரில் போகும் கார் அந்த நேரத்தில் ஏழரை மீட்டர் நகர்ந்துவிடும். அஃதாவது ஒன்றே முக்கால் அம்பாசடர். ஆகவே எதிரியின் திரையில் தெரிவது மாப்பிள்ளை அல்லர். 'இந்நேரம் இங்கே இருப்பார்' என்று கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. மாப்பிள்ளை பிரேக் பிடித்த கணத்தில் அவருடைய நிழல் இன்னும் பிடிக்காமல் போய்க்கொண்டிருக்கும். இடித்தது நிழலா, நிழலை இடித்தவனா என்று லீக்கில் பஞ்சாயத்து கூடி, பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, ஐந்து நொடி தண்டம் போடுகிறார்கள். தண்டம் பெரும்பாலும் வேலூருக்குத்தான்.

ஒரு சொல்லாராய்ச்சியைக் குறிப்பிட்டு மறுத்துவிட வேண்டும். கொல்லிமலைத் தலைவன் ஓரி. அவன் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். அவனைக் கொன்ற காரியின் குதிரை காரி. கோயம்புத்தூர்ச் செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த ரேஸ் தடத்தின் பெயர் காரி மோட்டார் ஸ்பீட்வே. எனவே கார் என்ற சொல்லே காரியிலிருந்து வந்தது என்று என் நண்பர் ஒருவர் மூன்று கவியரங்கில் முழங்கிவிட்டார். அது மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டிய கரிவர்தன் நினைவாக வைத்த பெயர் என்று சொன்னேன். நாலாவது கவியரங்கிலிருந்து என்னை அழைப்பதில்லை.

கடைசியாகக் களஆய்வு. ரேட்டுக் கேட்டுப் போன அண்ணன், போன் வராததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்துவிட்டார். மாடிக்கு அழைத்துப்போய் ரிக்கைக் காட்டினோம். சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை நூர்பர்க்ரிங் தடத்தைப் போட்டுக் கொடுத்தார். ஜெர்மனிக் காட்டுக்குள் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 22.8 கிலோமீட்டர்; ஜாக்கி ஸ்டூவர்ட் பச்சை நரகம் என்று பெயர் வைத்த இடம். 1967-இல் கிளார்க் இதே காரில் எட்டு நிமிடம் சொச்சத்தில் சுற்றியிருக்கிறார். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை லோடு வண்டியில் ஏறியிறங்கிய அண்ணனுக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. கீழ்க் கியருக்கு வரும்போதெல்லாம் டபுள் கிளச் போட்டார். கிளச்சை மிதித்து நியூட்ரல், விட்டு ஒரு உறுமல், மறுபடி மிதித்துக் கியர். எஞ்சின் வேகமும் சக்கர வேகமும் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் காரின் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு சுழற்றிவிடும். மாப்பிள்ளை எட்டு மாதம் வீடியோ பார்த்துக் கற்றது இது. அண்ணன் கிளீனராக இருந்தபோதே கற்றது.

சுற்றை முடிக்க அவருக்குப் பதினேழு நிமிடம் ஆயிற்று. ஒருமுறைகூடச் சுழலவில்லை. ஆனால் மறைவான வளைவு வரும்போதெல்லாம் அவருடைய வலக்கட்டைவிரல் ஸ்டியரிங்கின் நடுவில் எதையோ தேடித் தேடி அமுக்கிக்கொண்டே இருந்தது.

"ஹாரன் எங்கீங் மாப்ள?"

"இதுல ஹாரன் கெடையாதுங் மாமா."

"ஹாரன் இல்லாத வண்டிக்கு எவனுங் எஃப்.சி. போட்டுக் குடுத்தது?"

வாசற்படியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மகள் காப்பித் தட்டோடு நின்றிருந்தாள். டம்ளர்கள் மூன்று அல்ல, நான்கு. அன்றிரவு லீக் ரேஸ் இருந்தது. மாப்பிள்ளை அதற்குப் போகாமல், ஸ்டியரிங்கில் சும்மா கிடந்த ஒரு பொத்தானுக்கு லாரி ஹாரன் ஏற்றிக்கொண்டிருந்தார்.